செலீன் மிஸ்ஸின் ஒற்றை வினைச்சொல்

“அன்ரி, எழும்புங்க. எழும்பிட்டீங்களா? இப்ப என்ன செஞ்சீங்க, சொல்லுங்க.”

“ஐ கெற் அப்.”

“சரி. கதவுப் பக்கம் போங்க. போய்ச் சேர்ந்திட்டீங்களா?”

“ஐ கெற் டோர்.”

“கதவைத் தூக்கிட்டு வரச் சொல்லல்ல அன்ரி. கதவுகிட்டப் போய்ச் சேரச் சொன்னேன். ஐ கெற் ரு த டோர். வாங்க, திரும்ப நடங்க.”

அறுபதை எட்டிப்பிடிக்கும் ஒரு பெண்மணி சேலைக் கரையைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கித் திரும்ப நடப்பார். காதிடுக்கில் சோக்கட்டியைச் செருகிக்கொண்டு, அரைப்பாவாடையும் சட்டையுமாகப் பின்னால் நடப்பவர் செலீன் மிஸ். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். கேட்டால், “அது பொலிசுக்கு மட்டும் சொல்றது” என்பார். மாணவர்கள் எல்லோரும் அவருடைய தாய் தகப்பன் வயதுக்காரர்கள். ஆகையால் வகுப்பில் அவரைத் தவிர வேறு இளையவர் கிடையாது, அவரைத் தவிர வேறு யாரும் அதட்டுவதும் கிடையாது.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் மாடிவீட்டு முன்னறையில் இந்த வகுப்பு நடக்கிறது. மகனோ மகளோ கனடாவுக்கு, லண்டனுக்கு, அவுஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டிருக்க, போரில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, பக்கத்து விடுதிகளில் பொலிஸ் பதிவோடு காத்துக் கிடப்பவர்கள்தான் வருகிறார்கள். செலீன் மிஸ் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். சோதனைச் சாவடியில் கைப்பைக்குள் கைவிட்டால் முதலில் செபமாலை வெளியே வரும். அதைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடையாள அட்டையை எடுப்பார். காவலுக்கு நிற்பவன் பலமுறை அட்டையைப் பார்க்காமலே போகச் சொல்லிவிடுகிறான். தற்செயலாக நடப்பதாகத்தான் சொல்கிறார். வகுப்பறைச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் நான் அதை நம்புவதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஊரில் ஆங்கிலம் படிப்பிப்பவர்கள் பல வகை. சிலர் இலக்கணம் படிப்பிப்பார்கள். சிலர் உச்சரிப்பு. சிலர் கழுத்துப்பட்டி கட்டுவது எப்படி என்பது. செலீன் மிஸ் படிப்பிப்பது ஒரேயொரு வினைச்சொல். பெயர்ச்சொற்களை மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். வினைச்சொல் ஒன்றை அவர் தருவார். அது ‘கெற்’. சேர்க்கை நாளிலும் ‘கெற்’, மூன்று மாதம் கழிந்து வகுப்பு முடியும் நாளிலும் ‘கெற்’.

ஏன் அந்தச் சொல் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்வார். ஒன்று, மருதானைப் பழைய புத்தகக் கடையில் சொற்களின் பிறப்புவளர்ப்புச் சொல்லும் அகராதியொன்றை அவர் வாங்கியபோது அதில் முதல் ஆறு எழுத்தும் கரையானுக்குப் போயிருந்தன. ஏழாவது எழுத்திலிருந்துதான் அவருடைய ஆங்கிலம் தொடங்குகிறது. “மற்ற மிஸ்மார் ஏயிலயிருந்து தொடங்கிப் பீயிலயே களைச்சுப் போறாங்க. நான் ஜீயில தொடங்கி அங்கயே குந்திட்டேன்.” இரண்டாவது காரணம், வெளிநாட்டுக்குப் போகும் வயதான ஒருவர் செய்யப்போகும் எல்லாக் காரியத்துக்கும் இந்த ஒரு சொல் போதும் என்பது. பால் வாங்கலாம், பஸ் ஏறலாம், தடிமன் பிடிக்கலாம், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரலாம், கோபப்படலாம், கிழவராகலாம், சொன்னது விளங்கியது என்றும் சொல்லலாம்.

கொழும்பு ஆங்கிலத்தில் அது இன்னும் கொஞ்சம் பெருத்துவிட்டது. பஸ்ஸால் இறங்குவது ‘கெற் டவுன்’. அக்காவைக் கொழும்புக்கு வரவழைப்பதும், தம்பியைக் கனடா எடுப்பதும், இங்கிலாந்திலிருந்து மருந்து எடுப்பிப்பதும் ‘கெற் டவுன்’. வெடிச்சத்தம் கேட்டால் தரையோடு தரையாகக் கிடப்பதும் அதேதான். இந்தச் சகல பொருளையும் ஒரே கிழமையில் அனுபவித்த மாணவர்கள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள்.

முதல் மாதம் முழுவதும் இதற்கு எதிர்க்கட்சி நடத்தியவர் பொன்னம்பலம். கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய ஆங்கிலம் இஸ்திரி போட்டு மடித்தது. கனடாவிலிருந்து மகன் தொலைபேசியில், “அப்பா, நீங்கள் கதைச்சா ஜட்ஜ் தீர்ப்பு வாசிக்கிற மாதிரிக் கிடக்கு, பேரப்பிள்ளையள் பயப்பிடுதுகள்” என்று அழாக்குறையாகச் சொன்ன பிறகுதான் இங்கே வந்து சேர்ந்தார்.

“பிள்ளை, எங்கட கொலிஜ்ஜில ‘கெற்’ எண்டு எழுதினா உள்ளங்கையில பிரம்பு. நாங்கள் ‘ஒப்டெய்ன்’ எண்டுதான் எழுதினனாங்கள்.”

“எழுதுங்க அங்கிள், நான் வேணாம் எண்டு சொல்லல்ல. ஆனா நீங்க பஸ்காரன்கிட்ட ‘ஒப்டெய்ன்’ எண்டு சொல்லி முடியிறதுக்குள்ள பஸ் அடுத்த ஊருக்குப் போயிடும். பிறகு மகன் லீவு போட்டுட்டு உங்களத் தேடணும்.”

“அது அந்தஸ்தில்லாத சொல் எண்டுறன்.”

“அந்தஸ்து எப்பிடி இருக்கும்? அது வடக்கிலயிருந்து வள்ளத்தில வந்த சொல். ஆயிரம் வருசத்துக்கு முந்தி, கொள்ளையடிக்க வந்தவங்களோட.”

“அப்ப பொலிஸ் பதிவு இல்லாமலோ இருந்தது?” என்றார் பொன்னம்பலம். அறை முழுவதும் சிரித்தது.

“பதிவும் இல்ல, ஐடியும் இல்ல. வந்து குந்திட்டுது. இப்ப அத யாராலயும் எழுப்ப ஏலாது.”

அகராதியில் படித்ததையெல்லாம் செலீன் மிஸ் இப்படித்தான் பந்தியில் பரிமாறுவது போலப் பரிமாறுவார். வந்த காலத்தில் அந்தச் சொல்லின் பொருள் கையால் எட்டிப் பிடிப்பது. பிறகு வாங்குவது, அடைவது, ஆவது, விளங்குவது என்று அது வளர்ந்தது. ஊகிப்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் ‘கெஸ்’ என்ற சொல்லும் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரமாம். மனதால் எட்டிப் பிடிக்கப் பார்ப்பது. ‘ஃபொகெற்’ அவருடைய அகராதியில் கரையான் தின்ற பகுதியைச் சேர்ந்தது. ஆனாலும் ‘கெற்’ என்ற இடத்தில் உறவினர் வரிசையில் அதன் பெயர் தப்பிக் கிடந்தது. மறப்பதென்றால் பிடி நழுவவிடுவது. இதைச் சொன்ன நாளில் அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் மடியிலிருந்த தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப நான் மகளைப் பெத்ததும் கெற்தானோ மிஸ்?” என்று ஒரு குரல் மெல்லக் கேட்டது. கேட்டவர் கனகேஸ்வரி, கதவுவரை நடந்து திரும்பியவர்.

“ஓம் அன்ரி, பழைய இங்கிலிஷ்ல. ஆனா அந்தக் காலத்தில தகப்பன்மார்தான் பெத்தாங்களாம். அம்மாமார் பக்கத்தில நிண்டு பார்த்திருப்பாங்கபோல.”

தமிழன் இதில் பின்னால் நிற்கவில்லை. பரிசும் பெறுகிறோம், பிள்ளையும் பெறுகிறோம், கேட்டால் பதிலும் பெறுகிறோம். பெறுமதியையும் பெற்றோரையும் ஒரே வேரிலிருந்து முளைக்க வைத்த மொழிக்கு இன்னொரு மொழியைப் பார்த்துச் சிரிக்க உரிமையில்லை.

ஒருநாள் பின்னேரம் வகுப்பு நடக்கும்போது பொலிஸ் வந்தது. இத்தனை வடபகுதி முதியவர்கள் ஒரே அறைக்குள் ஒரே குரலில், “கெற் இன், கெற் அவுற், கெற் அவே” என்று முழங்குவது வீதியில் கேட்டால் எந்த அரசாங்கம் சும்மா இருக்கும்?

“மொக்கத மேத்தன?” இங்கே என்ன நடக்கிறது என்றார் வாசலில் நின்ற சார்ஜன்ற்.

“இங்கிரிசி பந்தியக், மஹத்தயா.” ஆங்கில வகுப்பு ஐயா. பல்லில் சிக்காத சிங்களத்தில் செலீன் மிஸ் சொன்னார்.

சார்ஜன்ற்றுக்குத் தானும் ஆங்கிலம் அறிந்தவர் என்று காட்டவேண்டும் போலிருந்தது. “கெற் அப்” என்றார். எல்லோரும் எழுந்தார்கள். “கெற் யுவர் ஐடி.” எல்லோரும் எடுத்தார்கள். “கெற் இன் லைன்.” வரிசை, சுவரோரமாக, உயரப்படி. ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, எவரையும் கொண்டுபோகாமல் இறங்கிப் போனார். வரிசை கலையவில்லை.

செலீன் மிஸ் காதிலிருந்த சோக்கட்டியை எடுத்தார். “பாத்தீங்களா? ஒருத்தரும் ஒரு பிழை விடல்ல. தமிழ்ல சொல்லவேண்டியும் வரல்ல. இருங்க, தண்ணி கொண்டு வாறேன்.” அவர் ஒருவரைப் புகழ்வதற்கு அதைவிடப் பெரிய வார்த்தை நான் கேட்டதில்லை. வழக்கமாக, “ம், போகும்” என்பதோடு சரி.

இந்த வகுப்புக்கு இலக்கணம் இல்லையென்றாலும் ஒரு சட்டம் உண்டு. தன் வாழ்க்கையில் நடக்காத வசனத்தை ஒருவரும் வாயால் சொல்லக்கூடாது. ‘மன்னர் குதிரையைப் பெற்றார்’ என்றெல்லாம் உதாரணம் சொன்னால், “உங்க வீட்டில குதிரை நிண்டதா அங்கிள்?” என்று கேட்பார். காலையில் தண்ணீருக்கு வரிசையில் நின்றதைச் சொல்லலாம். விடுதி வாச்சரோடு கோபித்ததைச் சொல்லலாம். கண்ணீர் வந்ததைச் சொல்லலாம், பொய் மட்டும் வரக்கூடாது. இது ஒழுக்கபோதனை என்று நினைத்தால் தவறு. “பொய்க்கு நிறைய வினைச்சொல் வேணும் அன்ரி. உங்ககிட்ட ஒண்டுதானே இருக்கு.”

இந்தச் சட்டத்தில்தான் வெள்ளவத்தையோடு அவருக்குச் சண்டை.

வெள்ளவத்தை விடுதிகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. தூதரகத்தில் நேர்முகம் முடிந்து ஒருவர் வெளியே வந்ததும் வாசலிலேயே அவரைச் சூழ்ந்து, என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று கறந்துவிடுவார்கள். விசா கிடைத்தவரின் பதில்கள் அன்றிரவே எல்லா விடுதிக்கும் போய்விடும். அடுத்த கிழமை போகிறவர் அதை மனப்பாடம் செய்வார். கனகேஸ்வரியின் விடுதியில் இதற்குத் தலைமை தாங்குபவர் சரோஜினிதேவி. அவருடைய சொந்த விண்ணப்பம் இரண்டு வருடமாக இழுபடுகிறது. ஆனால் ஊரார் நேர்முகமெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. நல்ல மனுசி. யார் பயந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் விபூதி பூசி, பதிலும் ஊட்டிவிடுவார்.

அப்படி ஊட்டியதுதான் நீலக் கதவு. மகனின் வீட்டைப் பற்றிக் கேட்டபோது, “வாசலில் நீலக் கதவு, பக்கத்தில் மேப்பிள் மரம்” என்று சொன்ன ஒரு அம்மாவுக்கு உடனே விசா கிடைத்தது. அதன் பிறகு வெள்ளவத்தையிலிருந்து போன அத்தனை பேருடைய பிள்ளைகளும் நீலக் கதவு வீட்டில் குடியிருந்தார்கள். கனகேஸ்வரியும் மனப்பாடம் செய்துகொண்டு போனார். அதிகாரி முன்னாலிருந்த கோப்பைப் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டாராம்: மகள் வசிப்பது மாடிக் கட்டடத்தில், பதினான்காம் தளத்தில். மேப்பிள் மரம் அங்கே எப்படி ஏறியது?

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உண்மையான தாய்தானா என்றே அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கணவர் இறந்துவிட்டார். ஊரிலிருந்த வீடு இராணுவ வேலிக்குள். உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு மகள். மகளின் வழக்கறிஞர் மல்லுக்கட்டி இன்னொரு நேர்முகம் வாங்கிக் கொடுத்தார். இதிலும் தவறினால் இனி எத்தனை வருடமோ, விடுதியின் சன்னலில்லாத அறையோ. இரண்டு நேர்முகங்களுக்கும் இடையில்தான் அவர் செலீன் மிஸ்ஸிடம் வந்து சேர்ந்தார்.

“அவங்கள் கதவைப் பற்றிக் கட்டாயம் கேப்பாங்கள்” என்றார் பொன்னம்பலம் வகுப்பில். கச்சேரி அனுபவம் பேசியது. “பொய் சொன்னனான் எண்டு ஒத்துக்கொண்டா அதை வைச்சே வெட்டிப்போடுவாங்கள். மகள் வீடு மாறிட்டா எண்டு சொல்லுறதுதான் புத்தி.”

“எந்த வீட்டிலயிருந்து அங்கிள் மாறினாங்க? இல்லாத வீட்டிலயிருந்தா?”

“உமக்கென்ன பிள்ளை, போறது அந்த மனுசியின்ர வாழ்க்கை.”

செலீன் மிஸ் அன்று வகுப்பை நேரத்தோடே முடித்துவிட்டார்.

நேர்முகத்தன்று காலை அவரே விடுதிக்கு வந்துவிட்டார். வெள்ளவத்தையில் ஒருவர் நேர்முகத்துக்குப் போனால் அரைவாசி ஒழுங்கை கூடப் போகும். சரோஜினிதேவி, பொன்னம்பலம், இன்னும் சிலர், நான். பஸ்ஸில் செலீன் மிஸ் கனகேஸ்வரிக்குப் பக்கத்தில் இருந்தார். பம்பலப்பிட்டி தாண்டியதும் கனகேஸ்வரி மெதுவாகச் சொன்னார்.

“கோபிக்காதேங்கோ பிள்ளை. இரவு எல்லாருமாச் சேர்ந்து சொல்லித் தந்தவை. வீடு மாறினது எண்டு பாடமாக்கிப் போட்டன்.”

“அன்ரி, ஒரு பொய் பதினாலாம் மாடிக்கு ஏறி விழுந்திச்சு. அடுத்ததையும் ஏத்தப் போறீங்களா?”

“பயமாயிருக்கு.”

“எனக்கும்தான். சரி, அத விடுங்க. உங்க மக எப்பிடி? சின்ன வயசில குழப்படியா?”

அங்கிருந்து இறங்கும்வரை மகளைப் பற்றியே கேட்டுக்கொண்டு போனார். ஒவ்வொரு பதிலையும் ‘கெற்’ போட்டுத் திருப்பிச் சொல்லவைத்தார். முன் இருக்கையிலிருந்த சிங்கள அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, கனகேஸ்வரி தடுமாறிய ஓரிடத்தில் எடுத்தும் கொடுத்தார்.

உள்ளே நடந்ததைக் கனகேஸ்வரி பின்னர் எனக்கு மூன்று தடவை நடித்துக் காட்டினார். பொன்னம்பலம் சொன்னது போலவே அதிகாரியின் முதல் கேள்வி நீலக் கதவுதான். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்ல வாயெடுத்தபோது கனகேஸ்வரி கையுயர்த்தி நிறுத்தினார்.

“ஐ கெற் இற்.” எனக்கு விளங்குகிறது.

அறையில் இருந்த இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“சேர், ஐ கெற் ஃபியர். ஐ கெற் புளூ டோர் ஃப்ரம் அதர் லேடி. மை டோட்டர் நோ புளூ டோர்.” பயம் பிடித்தது, நீலக் கதவை இன்னொரு பெண்ணிடமிருந்து வாங்கினேன், என் மகளுக்கு அப்படியொரு கதவு கிடையாது.

அப்படியானால் மகளின் வீட்டைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. மகளைப் பற்றி?

“ஷீ கெற் ஆங்ரி, ஷீ நோ ஈற். ஐ கெற் ஆங்ரி, ஐ நோ ஈற். போத் கெற் ஆங்ரி, ஹஸ்பண்ட் ஈற் ஆல்.”

கோபம் வந்தால் மகள் சாப்பிடமாட்டாள். தனக்குக் கோபம் வந்தால் தானும் சாப்பிடுவதில்லை. இருவருக்கும் ஒன்றாகக் கோபம் வந்த நாட்களில் முழுச் சமையலையும் சாப்பிட்டு முடிப்பவர் அவளுடைய அப்பா. மொழிபெயர்ப்பாளருக்கு வேலையில்லாமல் போனது. முதலில் சிரித்தவர் அவர்தான். அதிகாரி பேனையை வைத்துவிட்டு அந்த அப்பாவைப் பற்றிக் கேட்டாராம். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் கேள்வி மாதிரியே இருக்கவில்லை என்கிறார் கனகேஸ்வரி.

வெளியே இருந்த எங்களுக்கு இது எதுவும் தெரியாது. எதிர்ப்பக்க நடைபாதையில் செலீன் மிஸ் ஓரிடத்தில் நிற்கவில்லை. மூலையிலிருந்த பேக்கரிக்குப் போய், தனக்கென்று ஒரு கிம்புலா பணிஸ் வாங்கிக்கொண்டு வந்தார். முதலை போல நீட்டமாய், மேலெல்லாம் சீனி ஒட்டிய பணிஸ். கடதாசியைப் பிரிப்பார், மூடுவார், ஒரு கடி கடிக்கவில்லை.

“பிள்ளை, என்ர சொல்லைக் கேட்டிருக்கலாம்” என்றார் பொன்னம்பலம்.

“கேட்டிருக்கலாம் அங்கிள்” என்றார் அவர், வாசலைப் பார்த்தபடி.

வெயில் ஏறி, நடைபாதையில் நிழல் சுருங்கிய பிறகு கனகேஸ்வரி வெளியே வந்தார். கையில் மருத்துவப் பரிசோதனைக்குப் போகச் சொல்லும் கடிதம். வெள்ளவத்தையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், மெடிக்கல் வந்தால் விசா வந்த மாதிரி. வீதியைக் கடந்து வரும்போதே அவர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார். பொன்னம்பலம் தொப்பியைக் கழற்றினார். கரையில் கால் வைப்பதற்குள் எல்லோரும் வளைத்துக்கொண்டார்கள்.

“அக்கா, கதவைக் கேட்டவங்களோ? என்ன சொன்னனீங்கள்? ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ, மறக்க முந்திச் சொல்லுங்கோ. எனக்கு வாற புதன்கிழமை நேர்முகம்!” சரோஜினிதேவி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சுற்றியிருந்த தலைகளெல்லாம் உள்ளே சாய்ந்தன.

கனகேஸ்வரிக்கு அள்ளிக் கொடுக்கும் சந்தோசம். “அது வந்து சரோ, நான் சொன்னனான், என்ர மகளுக்குக் கோவம் வந்தா...”

இன்னும் ஒரு வசனம் போயிருந்தால், அடுத்த புதன்கிழமை முதல் வெள்ளவத்தையின் அத்தனை மகள்மாரும் கோபம் வந்து பட்டினி கிடந்திருப்பார்கள். கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு செலீன் மிஸ் உள்ளே புகுந்தார். திறந்திருந்த அந்த வாய்க்குள் கிம்புலா பணிஸைத் தலைப்பக்கமாக நுழைத்து, வால் மட்டும் வெளியே தெரியும்வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கைலேஞ்சியை எடுத்து, கனகேஸ்வரியின் நாடியில் கண்ணீரோடு ஒட்டியிருந்த சீனியைத் துடைத்துவிட்டார்.